சொட்டுநீருக்கு மனுப் போடும் முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று ஏக்கர் தென்னைக்கும் சொட்டுநீர் போடும் யோசனை நல்லதுதான். "கவர்மென்டே முழுசாகத் தருகிறதாமே, பிறகென்ன" என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

மத்திய அரசுத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45 சதவீதம்தான் மானியம். மேற்கொண்டு போட்டு அதை 100, 75 என்று ஆக்குவது தமிழ்நாடு அரசு. மொத்த நிலம் ஐந்து ஏக்கருக்குள் என்பதால் நீ நூறில் வருவாய். ஆனால் அந்த நூறும், இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு செலவு என்று அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்கு உட்பட்டது. அதைத் தாண்டினால் கைக்காசுதான். ஒருமுறை வாங்கிவிட்டால் அதே நிலத்துக்கு ஏழு வருஷம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம். அதனால் முதல் தடவையே சரியாகப் போட்டுக்கொள்.

சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு, மண்-தண்ணீர் பரிசோதனை அறிக்கை, தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று எல்லாம் வேண்டும். சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். வேலை நிற்பது பெரும்பாலும் பட்டாவில்தான். இன்னும் மாமா பேரிலேயே இருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்று. கூட்டுப் பட்டா என்றால் உன் பங்கைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள்.

பதிவு ஆனதும் அங்கீகாரம் பெற்ற கம்பெனிகளில் ஒன்றை நீதான் தேர்ந்தெடுப்பாய். ஆள் வந்து அளந்து வரைபடம் போடுவார். அதில் ஃபில்டரைப் பார். போர் தண்ணீரில் மணல் வந்தால், தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன், பாசி பிடித்த கிணறு என்றால் மணல் வழியாக வடிகட்டும் சேன்ட் ஃபில்டர். எதைப் போட்டாலும் அதற்குப் பின்னால் வலை வைத்த ஸ்கிரீன் ஃபில்டர் இருக்க வேண்டும். ஃபில்டரின் இரு பக்கமும் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ் கேள். வித்தியாசம் அரை கிலோவைத் தொட்டால் கழுவும் நேரம் வந்துவிட்டது.

மரத்துக்கு, மணிக்கு 8 லிட்டர் சொட்டும் டிரிப்பர் நாலு. தூரிலிருந்து மூன்றடி தள்ளி, நாலு பக்கமும் ஓரடி ஆழக் குழி எடுத்து, சின்ன பிவிசி குழாயைச் சாய்த்து வைத்து, அதற்குள் டிரிப்பரை விட்டுத் தென்னை நார்க்கழிவால் மூடிவிடு. தண்ணீர் நேரே வேரில் இறங்கும், வெயிலில் ஆவியாகாது. கோடையில் ஒரு மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் தேவை, இரண்டு மணி நேரம் ஓட்டினால் போதும். மின்சாரம் இலவசம், ஓடட்டும் என்று விடாதே. நாலு மணி நேரம் விட்டால் பாதித் தண்ணீர் வேருக்குக் கீழே போய்விடும்.

மானியப் பணம், வேலை முடிந்து ஆபீசர்கள் வந்து பார்த்த பிறகு கம்பெனிக்குப் போகும். கடைசி மரத்து டிரிப்பரில் தண்ணீர் சொட்டுவதை நீ பார்க்கும்வரை முடிந்ததாகக் கையெழுத்துப் போடாதே.

மானியம் போட்டுக் கொடுப்பதோடு சரி, பராமரிப்பு உன் தலையில். அது இல்லாததால்தான் பல தோட்டத்தில் லேட்டரலை, அதாவது டிரிப்பர் மாட்டும் கறுப்புக் குழாயை, சுருட்டி வேலியோரம் போட்டிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை குழாய் முனையிலுள்ள மூடியை (என்ட் கேப்) கழற்றி, கலங்கல் போய்த் தெளியும்வரை ஓடவிடு. உப்புத் தண்ணீரானால் டிரிப்பரில் வெள்ளையாகப் படியும், அதற்கு ஆசிட் விட வேண்டும். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதே. கலந்தால் விஷவாயு.

துணை நீர் மேலாண்மைத் திட்டம் என்று இன்னொன்றும் உண்டு. சொட்டுநீர் போடுகிறவர்களுக்கு மோட்டாருக்குப் பாதி விலை, ரூ.15,000 வரை, தண்ணீர்த் தொட்டிக்கும் பாதி, ரூ.40,000 வரை. வேளாண்மை விரிவாக்க மையத்தில் இந்த வருஷ நிதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

நீ இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், மூன்று ஏக்கரையும் ஒன்றாகத் திறந்தால் மணிக்கு 6,720 லிட்டர் வேண்டும். மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிறகு 200 லிட்டர் டிரம்மை வைத்துப் பார். இரண்டு நிமிஷத்தில் நிரம்பினால் மணிக்கு 6,000 லிட்டர்தான், போதாது. எத்தனை நிமிஷம் ஆனது என்று எழுது, தோட்டத்தை மாற்றி மாற்றித் திறக்கும்படி எத்தனை வால்வாகப் பிரிக்கலாம் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்