பாப்புவுக்கு சித்தி எழுதுறது: டியூக்கை விடு, பத்திரத்தை பாரு

பாப்பு,

உன் வாய்ஸ் நோட் கேட்டேன். கோவம் புரியுதுடி. அந்த பழைய காலத்து இங்கிலீஷ் காதல் நாவல்ல ஹீரோயின் இவ்ளோ புத்திசாலி பொண்ணு, குதிரை ஓட்டுறா, கிரேக்கம் படிக்கிறா, அப்பாவோட எஸ்டேட் கணக்கையே அவதான் பாக்குறா, ஆனா தோட்டத்துல ஒரு ஆளோட தனியா நின்னதை யாரோ ஒரு கிழவி பாத்துட்டான்னு அவனையே கட்டிக்கிட்டு ஆகணும்னு அழுவுறா, "இதை போயி எப்படி சித்தி வருஷக்கணக்கா படிக்கிறீங்க"ன்னு கேட்ட பாரு. வாட்ஸப்ல பதில் அடிச்சா பாதியில ஒரு இமோஜி போட்டுட்டு ஓடிருவ, அதனால இங்க எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன், இனி தப்பிக்க முடியாது உன்னால.

முதல்ல, புக்கை திறந்ததும் "லண்டன், 1816"ன்னு ஒரு வரி இருக்கும், நீ அதை தாண்டி போயிருப்ப. தாண்டாத. மொத்த கதையும் அந்த நம்பர்லதான் இருக்கு. 1811ல இருந்து 1820 வரைக்கும் மூணாம் ஜார்ஜ் ராஜாவுக்கு புத்தி கலங்கி அவரோட பையன் ஆட்சி பாத்த காலம், அதைத்தான் ரீஜென்சின்னு சொல்றாங்க, நீ படிக்கிறது எல்லாம் அந்த வகைதான். அப்போ ஒரு பொண்ணுக்கு கல்யாணம் ஆச்சுன்னா சட்டத்து கண்ணுல அவ தனி ஆளே கிடையாது. அவ கையில இருந்த பணம், நகை, ஷேர், நாளைக்கு அவ சம்பாதிக்க போற காசு எல்லாம் புருஷனோடது. நிலம் இருந்தா அவ சம்மதம் இல்லாம விக்க முடியாது, அவ்ளோதான், குத்தகை பணம் அவன் பாக்கெட்டுக்கு போயிரும். தனியா ஒரு ஒப்பந்தம் போட முடியாது, கேஸ் போட முடியாது, பிள்ளைங்க மேல உரிமை அப்பாவுக்கு மட்டும்தான். சரி அப்போ கல்யாணமே வேணாம்னு இருந்துடலாமேன்னு நீ கேப்ப. கையில சொந்த பணம் இருந்தா இருக்கலாம், இல்லாதவளுக்கு அண்ணன் வீட்டு மாடி ரூம்ல அண்ணி மூஞ்சிய பாத்துட்டு கிடக்கணும், இல்லன்னா வருஷத்துக்கு 20, 30 பவுண்டுக்கு யார் வீட்டு பிள்ளைக்காவது கவர்னஸா பாடம் சொல்லி குடுக்கணும். அந்த கவர்னஸ் வேலைக்கும் "நல்ல பேரு" வேணும். இப்போ அந்த தோட்டத்துக்கு திரும்பி போ. அவ அழறது வெக்கத்துக்கு இல்லடி, பொழப்புக்கு.

அதனாலதான் சொல்றேன், இந்த புக்குல எல்லாம் ஹீரோ ஏன் அவ்ளோ நல்லவனா, நம்பவே முடியாத அளவுக்கு நல்லவனா இருக்கான்னா, சட்டம் அவளுக்குன்னு எதையும் விட்டு வைக்கல, அவ வாழ்க்கை மொத்தமும் அந்த ஒருத்தன் குணத்து மேலதான் நிக்குது. காதல் கதை மாதிரி இருக்கும் ஆனா உள்ள போய் பாத்தா முந்நூறு பக்கத்துக்கு ஒரு பொண்ணு ஒருத்தனை பேக்ரவுண்ட் செக் பண்றா. அவன் வேலைக்காரங்கள எப்படி நடத்துறான், தங்கச்சிகிட்ட எப்படி பேசுறான், சீட்டாட்டத்துல எவ்ளோ விட்டான், குதிரையை அடிக்கிறானா, இதையெல்லாம் அந்த எழுத்தாளருங்க சும்மா வைக்கிறது கிடையாது. குதிரையை அடிக்கிறவன் இந்த வகை நாவல்ல கண்டிப்பா வில்லன், பந்தயம் கட்டுறேன்.

சரி, எனக்கு ரொம்ப புடிச்ச சீன் எதுன்னு கேட்ட இல்ல. முத்தம் இல்ல, வால்ட்ஸ் டான்ஸும் இல்ல. வக்கீல் பேப்பரோட வர்ற சீன். கல்யாணத்துக்கு முன்னாடி செட்டில்மென்ட்னு ஒரு பத்திரம் போடுவாங்க, காசு இருக்கிற வீட்ல இது இல்லாம பொண்ணு குடுக்க மாட்டாங்க. அவளோட சொத்துல ஒரு பங்கை ட்ரஸ்டிங்க, அதாவது அவளுக்காக சொத்தை பாத்துக்கிற பொறுப்பாளருங்க பேர்ல ஒதுக்கி வச்சிருவாங்க, புருஷன் தொட முடியாது. வருஷா வருஷம் அவ கைச்செலவுக்கு இவ்ளோ, அதுக்கு பின் மணின்னு பேரு. புருஷன் முன்னாடி செத்துட்டா அவளுக்கு சாகுற வரைக்கும் வருஷத்துக்கு இவ்ளோ, அதுக்கு ஜாயின்ச்சர்னு பேரு. பொறக்க போற ரெண்டாவது மூணாவது பிள்ளைக்கு இவ்ளோன்னு, இன்னும் கையை கூட புடிக்காத ஜோடிக்கு பிள்ளைங்க பங்கு வரைக்கும் எழுதி முடிச்சிருவாங்க. நம்ம வீட்டு பெருசுங்க பொண்ணு நகையை அவ பேர்லயே லாக்கர்ல வச்சு சாவியையும் அவகிட்டயே குடுப்பாங்க பாரு, அந்த புத்திதான் இது, என்ன அங்க ட்ரஸ்டியா உக்காந்திருக்கிறது பெரும்பாலும் மாமாவும் வக்கீலும். சாதாரண சட்டம் குடுக்காததை சான்சரி கோர்ட், அதாவது நியாயத்தை பாத்து தீர்ப்பு சொல்ற தனி கோர்ட் வழியா சுத்தி போயி வாங்கினாங்க, ஆனா வக்கீலுக்கு குடுக்க காசு இருந்தவங்களுக்கு மட்டும்தான் அந்த வழி. நல்லா எழுதுற எழுத்தாளர்னா, ஹீரோ அந்த பேப்பரை வாங்கி பாத்துட்டு "அவ பணம் மொத்தமும் அவ பேர்லயே இருக்கட்டும்"னு சொல்ற இடத்துல ரெண்டே வரி எழுதிட்டு நகர்ந்துடுவாங்க. ஐ லவ் யூ எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இப்போ நீ கேட்ட ஸ்காட்லாந்து ஓட்டம். 1754ல இருந்து இங்கிலாந்துல கல்யாணம்னா சர்ச்சுல மூணு ஞாயித்துக்கிழமை பேரை படிச்சு அறிவிக்கணும், இல்லன்னா லைசென்ஸ் வாங்கணும், 21 வயசுக்கு கீழன்னா லைசென்ஸுக்கு அப்பா சம்மதம் வேணும். ஸ்காட்லாந்துக்கு இந்த சட்டம் கிடையாது, சாட்சி முன்னாடி நாங்க புருஷன் பொண்டாட்டின்னு ரெண்டு பேரும் சொன்னா போதும், அதான் எல்லைய தாண்டினதும் இருக்கிற கிரெட்னா கிரீனுக்கு ஓடினாங்க. லண்டன்ல இருந்து 300 மைலுக்கு மேல, வழி நெடுக குதிரை மாத்தி மாத்தி, இடுப்பு ஒடிஞ்சிரும். நாவல்ல ரொமான்டிக்கா இருக்கும். ஆனா யோசிச்சு பாரு, ஓடி போனா செட்டில்மென்ட் எங்க? பத்திரமே இல்ல! அவ பணம் மொத்தமும் நேரா அவன் கைக்கு போயிரும். அதனாலதான் சொத்துக்கு அலையுற பயலுக எல்லாம் "வா ஓடிரலாம்"னு கூப்பிடுறாங்க. (உண்மையிலேயே அப்பாவுக்கு தெரியாம கட்டிக்கணும்னா யாருக்கும் யாரையும் தெரியாத பெரிய லண்டன் சர்ச்சுல பேரை படிக்க சொல்லி கமுக்கமா முடிச்சவங்க நிறைய, ஆனா அதுல குதிரை வண்டி சேஸிங் இல்லையே, கதைக்கு ஆகாது.)

இது கற்பனைன்னு நினைக்காத. 1826ல எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டுன்னு ஒரு ஆளு, செஷயர்ல ஒரு மில் ஓனர் பொண்ணு எல்லன் டர்னரை, 15 வயசுடி அவளுக்கு, ஸ்கூல்ல இருந்து பொய் சொல்லி கூட்டிட்டு போயி, உங்கப்பா திவாலாக போறார், நீ என்னை கட்டிக்கிட்டாதான் அவரை காப்பாத்த முடியும்னு நம்ப வச்சு கிரெட்னா கிரீன்ல கல்யாணம் பண்ணிட்டான். அங்க இருந்து பிரான்ஸ்ல இருக்கிற கலே துறைமுகம் வரைக்கும் கூட்டிட்டு போயிட்டான், சொந்தக்காரங்க துரத்திட்டு போயி அவளை மீட்டாங்க. அந்த கல்யாணத்தை ரத்து பண்ண பார்லிமெண்ட்ல தனியா ஒரு சட்டமே போட வேண்டியதாச்சு. அவன் மூணு வருஷம் லண்டன் நியூகேட் ஜெயில்ல இருந்தான், அங்க உக்காந்து குடியேற்ற நாடுகள் பத்தி எழுத ஆரம்பிச்சான், அப்புறம் தெற்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து குடியேற்றத்துல பெரிய மனுஷன் ஆயிட்டான். எல்லன் வேற ஒருத்தரை கட்டி பிரசவத்துல செத்து போனா, சின்ன வயசுலயே.

டியூக் கணக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். டியூக்னா பிரபுக்கள்லயே உச்ச பட்டம். ராஜ குடும்பத்தை விட்டுட்டு பாத்தா அந்த காலத்துல இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எல்லாம் சேர்த்து டியூக் சுமார் 30 பேருதான், அதுலயும் பாதிக்கு மேல கல்யாணம் ஆனவங்க, வயசானவங்க. நம்ம புக் அலமாரில மட்டும் ஒரு ரெஜிமென்ட்டே நிக்குது, எல்லாருக்கும் ஆறடி, எல்லாருக்கும் பல்லு முழுசா இருக்கு. நிஜமாவே 21 வயசுல டியூக் ஆகி, பெரும் பணக்காரனா, கல்யாணம் ஆகாம இருந்தவர் ஒருத்தர் உண்டு, ஆறாவது டெவன்ஷயர் டியூக். 1811ல பட்டம், சரியா ரீஜென்சி ஆரம்பிச்ச வருஷம். எத்தனை அம்மாக்கள் எத்தனை பால் டான்ஸ்ல அவரை பாத்து ஏங்கியிருப்பாங்க! மனுஷன் கடைசி வரைக்கும் கட்டிக்கல. தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டனை வச்சுக்கிட்டு சாட்ஸ்வொர்த் மாளிகையில கண்ணாடி வீடு கட்டி செடி வளத்தார். அவர் குடும்ப பேரு கேவண்டிஷ், அங்க வளத்த வாழைக்கு அந்த பேருதான். இப்போ உங்க தெரு முக்கு கடையில தொங்குற ஜி9 பழம் அந்த கேவண்டிஷ் வகைதான். வாரிசு இல்லாம போன டியூக், தாருதாரா விட்டுட்டு போயிருக்கார் பாரு.

எழுத்தாளருங்க பண்ற தப்பு சிலது இருக்கு, பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும். "ஒரு வருஷம் தொடாம இருந்தா கல்யாணம் ரத்து ஆயிரும்"னு ஒரு டீல் போடுவாங்க இல்ல, அது அப்போ சட்டத்துல இல்லவே இல்ல. ஆண்மை இல்லன்னு சர்ச் கோர்ட்ல நிரூபிக்கணும், எந்த டியூக் போயி அதை நிரூபிப்பான்? அப்புறம் சாயங்கால கல்யாணம், 1886 வரைக்கும் காலையில எட்டுல இருந்து பன்னெண்டுக்குள்ள முடிக்கணும், கேன்டர்பரி ஆர்ச்பிஷப்கிட்ட ஸ்பெஷல் லைசென்ஸ் வாங்கினாத்தான் விதிவிலக்கு, அதை நாவல் ஹீரோக்கள் எல்லாம் கர்சீஃப் மாதிரி பாக்கெட்லயே வச்சிருப்பாங்க. இன்னொண்ணு, செத்துப்போன பொண்டாட்டியோட தங்கச்சியை கட்டிக்கிறது 1835ல இருந்து 1907 வரைக்கும் அங்க செல்லவே செல்லாது, ஆனா சித்தப்பா பையனை தாராளமா கட்டிக்கலாம். உங்க பாட்டிகிட்ட இதை சொன்னேன், "அடக்கடவுளே, அண்ணன் முறைடி"ன்னாங்க.

ஆனா தப்பை விட எனக்கு உறுத்துறது பணம் வர்ற வழி. ஹீரோவுக்கு வருஷத்துக்கு பத்தாயிரம் பவுண்டுன்னு எழுதுவாங்க, எங்கிருந்துன்னு எழுத மாட்டாங்க. மேற்கிந்திய தீவுல சர்க்கரைன்னு ஒரு வரி வந்தா, அது அடிமைங்க வெட்டின கரும்பு. 1833ல அடிமை முறையை ஒழிச்சப்போ 20 மில்லியன் பவுண்ட் இழப்பீடு ஒதுக்கினாங்க, யாருக்கு? அடிமைகளை வச்சிருந்த முதலாளிகளுக்கு. "தாத்தா மெட்ராஸ்ல சம்பாதிச்சார்"னு வந்தா அது நம்ம கதை. கிழக்கிந்திய கம்பெனி ஆளுங்க ஆற்காடு நவாப் முகமது அலிக்கு கொள்ளை வட்டிக்கு கடன் குடுத்தாங்க, 1773ல நவாப் தஞ்சாவூரை புடிச்சதும் அந்த கடனுக்கு ஈடா தஞ்சாவூர் விளைச்சலையே எழுதி வாங்கிட்டாங்க. அதுல பெரிய கை பால் பென்ஃபீல்ட். 1776ல மெட்ராஸ் கவர்னர் பிகட் தஞ்சாவூரை ராஜாகிட்ட திருப்பி குடுத்தப்போ பென்ஃபீல்ட் என் விளைச்சல் எங்கன்னு வந்து நின்னார், அந்த சண்டை முத்தி கவர்னரையே சொந்த கவுன்சில்காரங்க கைது பண்ணி, அடுத்த வருஷம் அவர் காவல்லயே செத்தார். பென்ஃபீல்ட் ஊருக்கு போயி பார்லிமெண்ட் மெம்பர். அவர் பேரன் மாதிரி ஒருத்தன் ஒரு நாவல்ல சோகமா ஜன்னல் ஓரம் நின்னா எனக்கு பாவமே வராது.

கடைசியா உன் பெரிய கேள்வி, "புருஷன் மோசமா போயிட்டா என்ன பண்ணுவாங்க". ஒண்ணும் பண்ண முடியாது, அதான் விஷயம். 1857க்கு முன்னாடி முழு விவாகரத்துன்னா பார்லிமெண்ட்ல தனி சட்டம் போடணும், அப்படி வாங்கினதுல பெண்கள் மொத்தமே 4 பேர். கரோலின் நார்ட்டன்னு ஒரு எழுத்தாளர், புருஷன் அடிப்பான், 1836ல மூணு பசங்களையும் தூக்கிட்டு போயிட்டான், அப்போ பிரதமரா இருந்த மெல்பர்னோட இவளுக்கு கள்ள உறவுன்னு கேஸ் போட்டு தோத்தான். தோத்தும் என்ன, இவளுக்கு பசங்களும் இல்ல விடுதலையும் இல்ல, இவ எழுதி சம்பாதிக்கிற காசுக்கு கூட அவன்தான் சொந்தக்காரன். விடல அவ. துண்டு புத்தகமா எழுதி தள்ளினா, 1839ல ஏழு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைகளை கேட்டு அம்மா கோர்ட்டுக்கு போகலாம்னு சட்டம் வந்துச்சு. 1857 விவாகரத்து சட்டத்துக்கும் அவ எழுத்து ஒரு காரணம், ஆனா அதுலயும் ஓரவஞ்சனை, புருஷனுக்கு பொண்டாட்டியோட கள்ள உறவு ஒண்ணே போதும், பொண்டாட்டிக்கு அதோட கொடுமையோ கைவிட்டதோ சேத்து நிரூபிக்கணும். 1870ல சம்பாத்தியம், 1882ல சொத்து முழுசும் அவளுக்குன்னு சட்டம் வந்துச்சு.

அதனால அடுத்து 1880, 90கள்ல நடக்கிற கதையா எடு. அமெரிக்க பணக்கார பொண்ணுங்க காசில்லாத இங்கிலீஷ் பிரபுக்களை கட்டிக்கிற காலம், ருசியே வேற. நிஜத்துல 1895ல கான்சுவேலோ வாண்டர்பில்ட்டை அவ அம்மா கட்டாயப்படுத்தி மார்ல்பரோ டியூக்குக்கு குடுத்தாங்க, செட்டில்மென்ட்ல 25 லட்சம் டாலர் ரயில்வே ஷேர், அரண்மனை கூரை ஒழுகாம இருக்க. ரெண்டு பேருக்கும் வேற ஆள் மேல ஆசை. 1921ல விவாகரத்து. இந்த டியூக்கை வச்சு யாரும் ரொமான்ஸ் எழுத முடியாது, ஆனா பத்திரம் மட்டும் பக்காவா இருந்துச்சு.

நீ இப்போ கையில வச்சிருக்கிற புக்குல வக்கீல் வந்துட்டாரா இல்லையான்னு சொல்லு. வரலன்னா அந்த டியூக்கை நம்பாத.

சித்தி