பைக்குள் இருந்த காகிதங்கள்

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும், இவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று அம்மா கேட்டாள். வேலை விஷயம் என்றேன். சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. "எல்லாரும் தூங்கின பிறகு விளக்குகூடப் போடாம நின்னுக்கிட்டே சாப்பிடுறேன்ப்பா, வயிறு வலிக்கிற வரைக்கும்" என்று நீ சொன்னது காதிலேயே நின்றது.

உனக்கு எட்டு வயது இருக்கும். பேனா தேடி என் ஆபீஸ் பையைத் திறந்தாய். அடியில் கிடந்த சாக்லேட் காகிதங்களை இரண்டு கையிலும் அள்ளி வந்து, "எனக்கு ஏன்ப்பா தரல?" என்றாய். ஆபீஸில் ஒருவருக்குப் பிறந்தநாள் என்றேன். நம்பிவிட்டாய். அன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை. தெரிந்தவர் யாரும் வராத ஒரு தெருமுனையில் நின்று அவ்வளவையும் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவன் போல அம்மா போட்டதையும் சாப்பிட்டேன். பல வருஷம் அப்படித்தான். மேலதிகாரி திட்டிய நாள், உன் தாத்தா இறந்த மாதம், செய்ய ஒன்றுமில்லாத சனிக்கிழமை, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து.

இவ்வளவும் வைத்துக்கொண்டு, நீ பத்தாவது படிக்கும்போது "வாயைக் கட்டுடா" என்று உன்னைத் திட்டியவனும் நான்தான். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

ராத்திரி சாப்பிட்டதற்குத் தண்டனையாக மறுநாள் பட்டினி கிடக்கிறேன் என்றாயே, அதை முதலில் நிறுத்து. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஓர் ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. அவர்களுக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்புத்தான். சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். பட்டினி முடிந்த பிறகு, வயிறு நிறைந்தும் அடங்காமல் தின்றவர்கள் உண்டு. அதற்கு முன் அவர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பகலில் நீ வயிற்றைக் காயப்போட்டால் ராத்திரி அது வட்டியோடு கேட்கத்தான் செய்யும்.

இதற்கு மருத்துவத்தில் பெயரும் இருக்கிறது. அடக்க முடியாமல் அளவு மீறிச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் அதைத் தனி நோயாகவே 2013-லிருந்து அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு கணக்கில் எடுக்கிறது. 'உணவு அடிமைத்தனம்' என்ற பெயரை மட்டும் அந்தக் கையேடு ஏற்கவில்லை. அது சரியா என்ற விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடட்டும். நடுராத்திரி அலமாரி முன்னால் நிற்பவனுக்குப் பெயரா முக்கியம்?

என்னை மீட்டது, அடக்கமில்லாமல் தின்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் ஒரு கூட்டம். ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ் என்று 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்று பெண்கள் தொடங்கியது. குடியை விட நினைப்பவர்கள் 1935-லிருந்து நடத்திவந்த வழியையே இவர்கள் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். கட்டணம் கிடையாது, எடை பார்ப்பது கிடையாது. அடக்கமில்லாமல் தின்பதை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்று இருந்தால் போதும். கடவுள் பேச்சு கொஞ்சம் வரும். எனக்கு அதில் பெரிய ஒட்டுதல் இல்லை. காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், யாரும் தப்பாக நினைத்ததில்லை. குடியை விட்டவன் பாட்டில் பக்கமே போகாமல் இருந்துவிடலாம். நாம் எதிரியோடு மூன்று வேளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும். அதனால்தான் பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கிறது.

முதல் மூன்று கூட்டங்களில் நான் வாயே திறக்கவில்லை. அறையில் நான் ஒருவன்தான் ஆண் வேறு. நான்காவது முறை ஒரு பெண்மணி பேசினார். இனி தொடமாட்டேன் என்று தானே குப்பைத்தொட்டியில் எறிந்ததை, அரைமணி நேரம் கழித்துக் கையை விட்டு எடுத்துத் தின்றதாகச் சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு தலைகள் ஆமாம் என்று ஆடின. அதில் ஒன்று என்னுடையது. அங்கே ஒருவர் பேசும்போது குறுக்கே யோசனை சொல்லக் கூடாது. எங்கள் கூட்டத்தில் தின்பண்டத்தின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம், கேட்பவருக்கு நாக்கு ஊறிவிடும் என்று.

எனக்கு ஸ்பான்சராக இருந்தவர், அதாவது எனக்கு முன்னாலேயே இந்த வழியில் வந்தவர், ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: கை வைப்பதற்கு முன் ஒரு போன், முடியாவிட்டால் தின்ற பிறகாவது ஒரு போன். எடுத்ததும் கேட்பார், "பசியா, கோபமா, தனியா இருக்கீங்களா, களைப்பா?" பெரும்பாலும் பசியாக இருக்காது. பேசி முடிப்பதற்குள் பாதி நாள் அந்த வேகம் தணிந்துவிடும். மீதி நாள் தின்றிருக்கிறேன். போன மாதம்கூட இரண்டு நாள் வழுக்கியது. ஆனால் மறைக்கவில்லை.

அந்த போனை நீ எனக்குச் செய்யாதே. இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் உன் அப்பா. நீ வழுக்கினால் என் குரல் மாறும், அதை நீ கண்டுபிடித்துவிடுவாய், அடுத்த முறை என் மனசு நோகக் கூடாது என்று பொய் சொல்வாய். உனக்கு யாரோ ஒருவன் வேண்டும். உன்னைப் போலவே இருட்டில் நின்று தின்றவன், உன்னால் எதையும் இழக்காதவன்.

அப்புறம், தின்றதை வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினாலோ கூட்டம் மட்டும் போதாது. உடனே மருத்துவரைப் பார். இதற்கென்று மனநல நிபுணரோடு உட்கார்ந்து பேசும் சிகிச்சையும் இருக்கிறது. நானும் கொஞ்ச நாள் போனேன்.

இணையத்திலும் கூட்டம் நடக்கிறது. கேமராவை அணைத்துவிட்டு உட்கார், பேச வேண்டியதில்லை. அம்மாவுக்கு என் கதை முழுக்கத் தெரியும். உன் கதையை நீயாகச் சொல்லும்வரை நான் சொல்ல மாட்டேன். லீவுக்கு வரும்போது உன் பையை யாரும் திறக்க மாட்டோம்.

அப்பா