கலவன் எடுத்த அன்று

பாப்பா,

நேற்று வாய்க்காலோரம் இருக்கிற மூன்று மா வயலிலும் கலவன் எடுத்தேன். மாப்பிள்ளைச் சம்பா பூத்து நிற்கிறது. விதைக்கு விட்டிருப்பதால் ஆள் வைக்காமல் நானே இறங்கினேன். உயரத்திலோ நிறத்திலோ மாறித் தெரிகிற பயிரைப் பிடுங்கி வரப்பில் போடப் போட, நீ இப்போது இருக்கிற குளிர்தேசத்துக் காட்டில் பைன் மரம் ஒவ்வொன்றும் வேறு என்று போனில் சொன்னதுதான் மனசில் ஓடியது. அன்றைக்கு "எல்லாம் ஒரே மரம்தானே, அதில் என்ன இருக்கு" என்று நான் கேட்டதில் உனக்கு வருத்தம் என்று தெரியும். இப்போது புரிந்த மாதிரி இருக்கிறது, சரியா என்று பார்த்துச் சொல்.

நெல் தன் பூவுக்குள்ளேயே கருவாகிவிடும். அதனால் ஒரு ரகத்தில் ஆயிரம் பயிர் நின்றாலும் அநேகமாக ஒரே அச்சு. வித்தியாசமெல்லாம் ரகத்துக்கும் ரகத்துக்கும் நடுவில்தான், காட்டுயானம் வேறு, தூயமல்லி வேறு, கருங்குறுவை வேறு. பைனுக்குக் காற்று எங்கிருந்தோ மகரந்தம் கொண்டுவருகிறது. தன் மகரந்தம் தன் மேலேயே விழுந்தால் விதை பெரும்பாலும் பதர். (பதர் என்றதும்தான் எனக்குச் சட்டென்று பிடிபட்டது.) ஆக அங்கே நிற்கிற ஒவ்வொரு மரமும் ஒரு கலப்பு. ஸ்வீடன் காட்டையும் சைபீரியக் காட்டையும் பக்கத்தில் வைத்தால்கூட, காட்டுக்கும் காட்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான், ஒரே காட்டில் மரத்துக்கு மரம் இருப்பதுதான் அதிகம் என்றாய். நம் கணக்குப்படி உன் காடு முழுக்கக் கலவன்! மரபணுவில் நெல்லுக்கு 40 கோடி எழுத்து, மனுஷனுக்கு 300 கோடி, பைனுக்கு 2,000 கோடிக்கும் மேல் என்று நீ சொன்னதைத் தம்பி இன்னும் நம்பவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரவைப் பார்த்து மரம் வளர்ச்சியை நிறுத்துகிற விஷயம். இங்கே பழைய சம்பா ரகமும் அப்படித்தான். முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் பகல் குறைகிற கணக்கைப் பார்த்துத்தான் பூக்கும், குறுவைக்கு அந்தக் கணக்கு கிடையாது. வடகோடிப் பைன் கன்று இரவு கொஞ்சம் நீண்டதுமே நுனி மொட்டை மூடிக்கொள்ளும். தெற்கே இருந்து விதை கொண்டுபோய் அங்கே நட்டால், அது இன்னும் கோடை இருக்கிறது என்று நினைத்து வளர்ந்துகொண்டே போய் உறைபனியில் கருகிவிடும். பார்வைக்கு ஒரே மரம், உள்ளே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாள்காட்டி.

இப்போது அங்கே கோடை நீள்கிறது, குளிர் தள்ளிப் போகிறது என்கிறாய். வெப்பம் மாறும் பாப்பா, இரவின் நீளம் மாறாதே. அப்படியானால் மரத்தின் பழைய கணக்கு தப்பாகிவிடும் இல்லையா? ஒரே காட்டில் மற்றதைவிட ஒரு வாரம் தாமதமாக மொட்டு மூடுகிற மரம் இருக்குமே, நான் வயலில் இருந்தால் முதலில் பிடுங்கிப் போடுகிற மரம், நாளைக்கு அதன் விதைதான் வேண்டியிருக்கும். அதனால்தான் எனக்கு நீ சொன்ன அந்தப் பைன் விதைத் தோட்டத்தை நினைத்தால் கவலையாக இருக்கிறது. நேராக, உயரமாக இருக்கிற மரமாகத் தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டி விதை எடுக்கிறார்கள், வெளிக்காட்டு மகரந்தமும் நிறைய வந்து கலக்கிறது, பயமில்லை என்றாய். இருக்கட்டும். ஆனால் தாய் மரம் குறைந்தால்? நீ ஆறாவது படிக்கும்போது ஊர் முழுக்க ஒரே ரகம் நட்டோம், நன்றாக விளைகிறது என்று எல்லோரும் சொன்ன ரகம். புகையான் பூச்சி வந்து வட்டம் வட்டமாகக் கருகி, அந்த வருஷம் அப்பா என் வளையலை அடகு வைத்துத்தான் உனக்கு ஃபீஸ் கட்டினார். அதற்காக நெல்லில் கலவனை விட்டுவிடச் சொல்லவில்லை, விதை நெல் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். நாம் ஏழு ரகத்தை ஏழு பாத்தியில் தனித்தனியாக வைத்துக் காப்பாற்றுகிறோம். பைனுக்கு அந்த வழி இல்லை, அது கலந்து நின்றால்தான் பிழைக்கும்.

2015இல் பின்லாந்தும் நார்வேயும் பைன் விதையை வடதுருவத்துப் பக்கம் பனிக்குள் இருக்கிற ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தில் வைத்தது நல்ல காரியம். ஆனால் பெட்டிக்குள் இருக்கிற விதை அந்தந்த வருஷத்து வெயிலையும் பனியையும் பார்க்காது. பாரம்பரிய நெல்லைக் காப்பாற்றிய நெல் ஜெயராமன் ஐயா திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாக வாங்கினாரே, அப்படி மண்ணுக்குள் போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். உன் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் அவர்களிடம் சண்டை போட்டாவது சொல்லுவேன். நீயும் சொல், புதிதாக வந்த பெண் என்று தயங்காதே.

அப்புறம், பகல் அங்கே இப்போது நான்கரை மணி நேரம்தான் என்று தம்பி சொன்னான். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார், நேரத்துக்குச் சாப்பிடு. மூட்டுவலி தைலமும் கறிவடகமும் அப்பா பார்சலில் போட்டிருக்கிறார்.

நேற்று ஒரே ஒரு கலவனை மட்டும் பிடுங்கவில்லை. கதிரில் நீளமாக மீசை வைத்து, கருஞ்சிவப்பாக இருந்தது, சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன், தையில் தனியாக அறுத்து வைப்பேன். உங்கள் விதைத் தோட்டத்தில் எத்தனை தாய் மரம் என்று மறக்காமல் கேட்டு எழுது.

அம்மா