ஹோட்டல் பயிற்சிக்குக் கிரெடிட்: மணி நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸாக) ஹோட்டலில் வேலை பார்க்கும் மாதங்களையும் பட்டப்படிப்பின் கிரெடிட்டாக, அதாவது பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய மதிப்பு அலகாக, சேர்க்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ரொம்ப நல்ல ஏற்பாடு. ஹோட்டல் கிச்சனில் பல வருடமாக வேலை பார்ப்பவன் என்கிற முறையில் மனதாரச் சொல்கிறேன். வழக்கமான இண்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங்கில் ஹோட்டல் கொடுப்பதுதான் காசு, சில இடங்களில் அதுவும் கிடையாது. இதில் அப்படியில்லை, 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் உண்டு, நாட்ஸ் என்ற தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிவாகியிருந்தால் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே ஏற்கிறது. ஃபீஸ் கட்டத் திணறும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம்.

என் கவலை கிரெடிட்டைக் கணக்கிடும் விதத்தில்தான். 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட், வருடத்துக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட் என்பது தேசிய கிரெடிட் கட்டமைப்பின் கணக்கு. சரி, அந்த நேரத்தில் மாணவர் என்ன செய்தார்? கிச்சனுக்கு வரும் ட்ரெய்னியை வெங்காயம் உரிக்கவும் காய் நறுக்கவும் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஃப்ரண்ட் ஆபீஸ் போக வேண்டியவர், ஹவுஸ்கீப்பிங் போக வேண்டியவர் என்று எல்லாரையும் பேங்க்வெட்டுக்கு (விருந்து நடத்தும் பிரிவுக்கு) இழுத்துவிடுவார்கள், தட்டு எடுத்தே அந்த சீசன் முடிந்துவிடும். கிச்சன் கற்க ஆசைப்பட்டு வரும் பெண் பிள்ளைகளை "ரிசப்ஷன் போம்மா" என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. இவர்களுக்கும் மணி நேரம் நிறைந்துவிடும். ஆனால் சாஸ் தயாரிக்கத் தெரியாது, இண்டென்ட் (தேவையான பொருள்களின் பட்டியல்) போடத் தெரியாது, ஒரு டிஷ்ஷுக்கு ஃபுட் காஸ்ட் கணக்கிடத் தெரியாது.

வெங்காயம் நறுக்குவதைக் குறைத்துச் சொல்லவில்லை, கத்தி பழகாமல் கிச்சன் கிடையாது. அது இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், அதற்கு ஒரு செமஸ்டரையே கொடுக்கக் கூடாது என்கிறேன். கிச்சன், சர்வீஸ், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ் என்று எந்தத் துறையில் எத்தனை வாரம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) எச்.ஆர். கடைசி நாளில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதை விட்டுவிட்டு, கூடவே நின்று சொல்லிக்கொடுத்த செஃபோ சூப்பர்வைசரோ வாரா வாரம் போட வேண்டும். கல்லூரி ஆசிரியரும் நடுவில் நேரில் வந்து, அந்தப் பிள்ளையைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிரெடிட்டைப் பதிய வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அட்மிஷனுக்கு முன்னாலேயே கேளுங்கள்: ஒப்பந்தம் நாட்ஸ் தளத்தில் பதிவாகுமா, கிரெடிட்டுகளைச் சேமித்துவைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற ஆன்லைன் கணக்கில் அவை ஏறுமா, மாதம் எவ்வளவு உதவித்தொகை, எந்த ஹோட்டல்? "ப்ளேஸ்மென்ட் செல் பார்த்துக்கொள்ளும்" என்று வாயால் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள், எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஹோட்டல் சமையல்காரர், திருச்சி