மைனஸிலிருந்து ஏறி வருகிறவர்களுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், எந்த வயதில் எவ்வளவு சேர்த்திருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். 30 வயதில் ஒரு வருடச் சம்பளம், 40-ல் மூன்று மடங்கு, 50-ல் ஆறு, 60-ல் எட்டு, 67-ல் பத்து. எனக்கு வயது 44. அதைப் பார்த்ததும் என்ன செய்தேன் தெரியுமா, பேப்பரை நான்காக மடித்து என் வீட்டுக்காரர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டேன். அவருக்கு 47.

இத்தனைக்கும் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. 22 வருடமாக அடுத்தவர் வரவு செலவை ஓர் எண் பிசகாமல் எழுதிக் கொடுக்கிறவள், என் சொந்தக் கணக்கு என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறேன். இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண்களைப் பற்றி. அவை எங்கிருந்து வந்தன என்று நீங்கள் போடவில்லை. அமெரிக்காவில் ஃபிடெலிட்டி என்ற முதலீட்டு நிறுவனம் ஓய்வுகாலச் சேமிப்புக்காக வகுத்த வழிகாட்டி எண்கள் அவை. அவர்கள் நிபந்தனைகளையும் மறைக்காமல் கூடவே சொல்கிறார்கள்: 25 வயதிலிருந்து வருடாவருடம் வருமானத்தில் 15 சதவீதம் சேமிக்க வேண்டும், அதில் பாதிக்கு மேல் பங்குகளில் போட்டிருக்க வேண்டும், 67 வயதில் ஓய்வு. அரசு தரும் ஓய்வூதியம் தனியாக வரும் என்பதையும் வைத்துப் போட்ட கணக்கு அது. அட்டவணை மட்டும் ஊர் ஊராகப் பயணம் செய்கிறது, நிபந்தனைகள் முதல் ஊரிலேயே இறங்கிவிடுகின்றன. 25 வயதிலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் 15 சதவீதம் என்றால், இடையில் வேலை போகக் கூடாது, பிள்ளை பெற்று இரண்டு வருடம் வீட்டில் இருக்கக் கூடாது, அப்பாவோ அம்மாவோ படுக்கையில் விழக் கூடாது. அப்படி யாருக்காவது வாழ்க்கை அமைந்திருந்தால் சந்தோஷம், அவர் அந்த அட்டவணையைத் தாராளமாகச் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும்.

என் 27-வது வயதில் அப்பாவின் தொழில் படுத்தது, அதே வருடம் அவரும் படுத்தார். கடன் மொத்தமும் என் அப்போதைய சம்பளத்தில் இரண்டு வருடத்துக்குச் சமம். அதை அடைத்து முடித்தபோது எனக்கு 38. உங்கள் அட்டவணைப்படி அந்தப் பதினொரு வருடமும் நான் சும்மா இருந்திருக்கிறேன், ஏனென்றால் அதில் மைனஸுக்கு இடமே இல்லை. பூஜ்ஜியத்தில் நிற்பவர் என்றால் இரண்டு வகை: நகராமல் நின்றவர் ஒருவர், கீழே இருந்து ஏறி அங்கே வந்து சேர்ந்தவர் இன்னொருவர். அட்டவணைக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். இன்று என்னிடம் ஏறத்தாழ ஒரு வருடச் சம்பளம் இருக்கிறது. மைனஸ் இரண்டிலிருந்து ப்ளஸ் ஒன்று, ஆக மூன்று மடங்கு தூரம். 40 வயதுக்காரர் பூஜ்ஜியத்தில் தொடங்கி நடந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லும் தூரமும் அதே மூன்றுதான். (சம்பளம் ஏற ஏற பழைய கடன் அந்த மடங்குக் கணக்கில் தானாகவே கொஞ்சம் சிறுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு எழுதுகிறவளுக்கு அழகில்லை.)

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. கடன் அடைந்த அன்று யாரும் வாழ்த்தவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் புது வண்டி வாங்கினால் நான்கு பேர் வந்து பார்க்கிறார்கள், ஒருவர் கடனை முடித்தால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? மாதம் 3 சதவீதம் வட்டி ஓடும் கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டாமல் விட்டால் அது இரண்டு வருடத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். அந்தப் பாக்கியை ஒழித்துக் கட்டுகிறவர், 36 சதவீதத்துக்கும் மேலே லாபம் தரும் முதலீடு ஒன்றைச் செய்தவருக்குச் சமம். அப்படி ஒரு முதலீட்டை வேறு எங்கே போய் வாங்க முடியும்? ஆனால் அவரைக் கேட்டால் "எங்கங்க, ஒண்ணும் சேர்க்கவே முடியல" என்பார்.

எங்கள் அலுவலகத்தில் என்னைவிட வயதில் சின்னவர் ஒருவர், வீட்டுக் கடன் வாங்கியவர், ஒருநாள் மதியம் வங்கிக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "அக்கா, அஞ்சு வருஷமா ஒரு தவணை தவறாம கட்டுறேன், ஒண்ணுமே குறையலக்கா" என்றார், சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. 20 வருடக் கடன், 9 சதவீத வட்டி. உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கடன் 100 பங்கு என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருடம் கழித்தும் 89 பங்கு அப்படியே நிற்கும். முதல் தவணையில் நூற்றுக்கு 83 வட்டிக்கே போய்விடுகிறது, அசலுக்கு மிஞ்சுவது 17-தான். வட்டியும் அசலும் சரிபாதியாக வருவதற்கே 12 வருடத்துக்கு மேல் ஆகும், கடன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 14 வருடம். மீதிப் பாதி மிச்சமுள்ள ஆறு வருடத்தில் கரைந்துவிடும். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, கடனின் அமைப்பே அப்படி, முன்னால் மெதுவாகவும் பின்னால் வேகமாகவும் நகரும். இதைக் கடன் வாங்கும் அன்றே யாராவது ஒரு தாளில் போட்டுக் காட்டியிருந்தால் ஐந்து வருடம் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்க மாட்டார். அசலில் கூடுதலாக ஏதாவது கட்டுவதாக இருந்தால் இந்த ஆரம்ப வருடங்களிலேயே கட்டுங்கள், அப்போதுதான் வட்டி அதிகம் மிச்சமாகும் என்றும் சொல்லி அனுப்பினேன். போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

சேமிப்பும் இதே குணம்தான். வருடம் 10 ரூபாய் போடுகிறீர்கள், 7 சதவீதம் வளர்கிறது என்றால் முதல் 100 சேர எட்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். அடுத்த 100 சேர ஐந்து வருடம், மூன்றாவது 100-க்கு நான்கு வருடம்கூட ஆகாது. ஆக, முதல் நூறின் நடுவில் நிற்பவருக்குத்தான் மனச்சோர்வு அதிகம், அவர்தான் பாதியில் விட்டுவிடுகிறார். அந்த இடத்தில் நிற்பவரிடம் போய் "நீ பின்தங்கிவிட்டாய்" என்று சொல்வது, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்வது மாதிரி.

பக்கத்து வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. 1954-ல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் எழுதினார்: தன்னை அளந்துகொள்ள நிச்சயமான அளவுகோல் கைவசம் இல்லாதபோது மனிதர்கள் அடுத்தவரோடு ஒப்பிட்டுத்தான் தன்னை அளக்கிறார்கள், அதிலும் தன்னைப் போலவே இருப்பவரோடு. அதனால்தான் உலகத்தின் பெரிய பணக்காரர் யார் என்று படித்தால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை, கூடப் படித்தவர் வீடு கட்டிவிட்டார் என்றால் அன்று ராத்திரி தூக்கம் போய்விடுகிறது. அந்த வீட்டுக்கு அவர் பெயரில் எத்தனை வருடத் தவணை ஓடுகிறது என்பது படத்தில் தெரிவதில்லை. நம் கடன் நமக்குத் தெரியும், அடுத்தவரின் சொத்து மட்டும்தான் நமக்குத் தெரியும், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கணக்கும் டேலி ஆகாது.

சராசரி என்ற வார்த்தையிலும் கொஞ்சம் கவனமாக இருங்கள் என்று உங்கள் நிருபர்களிடம் சொல்லுங்கள். பத்துப் பேர் இருக்கும் அறையில் ஒன்பது பேரிடம் தலைக்கு 10, ஒருவரிடம் மட்டும் 910 இருந்தால் சராசரி 100. ஒன்பது பேரும் சராசரிக்குப் பத்தில் ஒரு பங்குதான் என்று தலைகுனிந்து வீட்டுக்குப் போவார்கள். வரிசையாக நிற்க வைத்து நடுவில் நிற்பவரிடம் எவ்வளவு என்று கேட்டால் 10 என்று வரும். செல்வம் மேலே குவிந்துதான் கிடக்கிறது, எனவே சேமிப்பின் சராசரியைப் போடுகிற செய்தியில் நடுவில் நிற்பவரின் எண்ணையும் சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் போடவே வேண்டாம்.

இப்போது எனக்கு விடிந்த விதத்தைச் சொல்கிறேன். போன வருடம் எங்கள் வண்டியில் எஞ்சின் வேலை வந்தது, பெரிய செலவு. மெக்கானிக்கிடம் கொடுத்தோம், பணத்தைக் கட்டி எடுத்து வந்தோம், அதை மறந்தும் போனோம். இரண்டு மாதம் கழித்து ஏதோ பேச்சில் வீட்டுக்காரர் கேட்டார், "கவனிச்சியா, இந்த வருஷம் நாம யார்கிட்டயும் கைமாத்து வாங்கல." நான் அப்படியே நின்றுவிட்டேன். பத்து வருடம் முன்னால் இதே செலவு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் யாரிடம் கேட்பது என்று இரண்டு பேரும் பட்டியல் போட்டிருப்போம், போன தடவை யாரிடம் வாங்கினோம், அவரிடம் மறுபடி கேட்கலாமா என்று பேசியிருப்போம், இரண்டாம் நாள் போனை எடுப்பதும் வைப்பதுமாகப் போயிருக்கும், மூன்றாம் நாள் கேட்டு, "பாக்குறேன்மா" என்ற பதிலை வாங்கி, அதற்கப்புறம் அந்த வீட்டு விசேஷத்துக்குப் போனால் அவர் கண்ணைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வந்திருப்போம். அது எதுவுமே இந்தத் தடவை நடக்கவில்லை. நடக்காத விஷயத்தை மனசு எப்படிக் கவனிக்கும்? அதனால்தான் இரண்டு மாதம் எங்களுக்கு அது தெரியாமலே போயிற்று.

சரி, எல்லாமே முன்னேற்றம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளவும் மாட்டேன். ஒரு கார்டு பாக்கியை இன்னொரு கார்டில் இருந்து கட்டுவது முன்னேற்றம் கிடையாது, இடமாற்றம். சம்பளம் 6 சதவீதம் ஏறி விலைவாசியும் 6 சதவீதம் ஏறினால் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்று அர்த்தம். குடியிருக்கும் வீட்டின் மதிப்பு ஏறியதைப் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள், நான் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, வீட்டை விற்றுவிட்டு எங்கே போய் உட்காருவது? அப்புறம், வரும் வருமானம் அன்றாடச் செலவுக்கே பத்தாதவரிடம் போய் "உங்கள் முன்னேற்றத்தை நீங்களே உணருங்கள்" என்று உபதேசம் செய்தால் அது அவமானப்படுத்துவதுதான். அவருக்கு வேண்டியது கூடுதல் வருமானம், எழுத ஒரு நோட்டு இல்லை.

நான் சொல்வது, கொஞ்சமாவது நகர்ந்திருந்தும் அதை அறியாமல் புழுங்குகிறவர்களுக்கு. ஒரு நோட்டில் வருடத்துக்கு ஒரு நாள், அதே தேதியில், மூன்றே எண்கள் எழுதுகிறேன். மொத்தக் கடன் எவ்வளவு. கையில் இருப்பதில் கடனைக் கழித்தால் எவ்வளவு, மைனஸ் என்றாலும் மைனஸ் என்றே எழுதுவேன். நாளைக்கே இரண்டு பேரின் வருமானமும் நின்றால் கையில் உடனே எடுக்கக் கூடிய பணத்தில் எத்தனை மாதம் ஓட்டலாம். இடையில் பார்ப்பதில்லை, மாதாமாதம் பார்த்தால் ஒரு மாதம் ஏறும் ஒரு மாதம் இறங்கும், மனசுதான் கெடும். என்னைக் கேட்டால் இந்த மூன்றில் கடைசி எண்தான் முக்கியம், ராத்திரித் தூக்கத்துக்கும் அதற்கும்தான் நேரடித் தொடர்பு. யாருடைய எண்ணோடும் அதை ஒப்பிட வழியும் இல்லை, அவரவர் வீட்டுச் செலவு அவரவருக்கு.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த முறை இப்படி ஓர் அட்டவணை போட்டால் அதற்குக் கீழே அந்த நிபந்தனைகளையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். பக்கத்திலேயே காலியாக ஒரு கட்டம் விடுங்கள், "ஐந்து வருடம் முன்பு நீங்கள் எங்கே இருந்தீர்கள்" என்று மட்டும் தலைப்புக் கொடுத்து. வாசகரே நிரப்பிக்கொள்ளட்டும்.

மடித்து வைத்த பேப்பரை நேற்று எடுத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, நோட்டு எங்கே என்று கேட்டார். மூன்றாவது எண் போன வருடம் இரண்டரை மாதம் என்று இருந்தது, இந்த வருடம் நான்கு.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒரு வாசகி