வீட்டுக்கொரு அம்மா படம்: நம் ஊராருக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள ஊர் மக்களுக்கும், பிழைப்புக்காகச் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சென்ற ஐப்பசியில் கீழத்தெருவில் ஒரு அம்மா தவறிப்போனார். நாற்பது வருஷம் தலைச்சுமையாக மீன் விற்றவர். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் படம் அனுப்புங்கள் என்று அச்சகத்திலிருந்து கேட்டார்கள். மூன்று மகன்களின் செல்போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டு தேடினோம். பேரனுக்கு மொட்டை போட்டது, பேத்தியின் காதுகுத்து, புது ஃபைபர் படகைக் கடலில் இறக்கியது எல்லாம் இருந்தன. அம்மாவைக் காணவில்லை. ஒரு பந்திப் படத்தில் சாதக் கரண்டி பிடித்த அவர் கை மட்டும் ஓரமாக விழுந்திருந்தது. வேறு வழியில்லாமல் வாக்காளர் அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். பேனரைக் கட்டும்போது பேத்தி அண்ணாந்து பார்த்து, "இது யாருப்பா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற எங்கள் எல்லார் காதிலும் அது விழுந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு சிலர் கூடிப் பேசினோம். நம் ஊரில் எத்தனை வீடுகளில் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் இருக்கிறது என்று தெருத்தெருவாகப் போய்க் கேட்டோம். இல்லை என்று சொன்னவர்கள் 160 தாய்மார். அந்த 160 பேரையும் அவரவர் பிள்ளைகளோடு நிறுத்தி, நல்ல படமாக எடுத்து, பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு வீட்டில் மாட்டித் தருவது என்று முடிவெடுத்திருக்கிறோம். அதற்குத்தான் இந்த வேண்டுகோள்.

நம் ஊரில் ஏன் படம் இல்லை என்பது பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளையவர்களுக்காக எழுதுகிறோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. சுமத்ராவுக்கு அருகில் விடியற்காலையில் கடலடி நிலம் அதிர்ந்தது. காலை ஒன்பது மணி வாக்கில் தண்ணீர் நம் வாசலுக்கு வந்துவிட்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். தமிழ்நாட்டிலேயே அதிகம் இழந்தது நாம்தான். அதிலும் பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி.

அன்று வரை நம் வீடுகளில் படம் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போனால் ஸ்டுடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்டு வருவோம். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற வித்தியாசம் அதில் கிடையாது. அப்பா நாற்காலியில், அம்மா பக்கத்தில் நின்றபடி, பிள்ளைகள் எண்ணெய் வழியத் தலை சீவி முன்னால். அந்தப் படங்கள் எல்லாம் சுவரோடு போயின. மிஞ்சியவையும் சேற்றில் கிடந்து, இயந்திரம் வைத்து வாரியபோது குப்பையோடு போய்ச் சேர்ந்தன. 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது, தன்னார்வலர்கள் சேற்றில் கிடந்த படங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, முகம் பார்த்து உரியவர்களிடம் சேர்த்தார்கள். அப்படிச் செய்யலாம் என்று நமக்கு அன்று சொல்ல ஆளில்லை. பிணம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. யாரையும் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது நெஞ்சு வலித்தது.

பிறகு நடந்தது இன்னொன்று. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதை மாற்றி, குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து தருவதாக அறிவித்தது. நம் ஊர்த் தாய்மாரும் போனார்கள். சிலருக்குக் கைகூடியது, சிலருக்கு இல்லை. கைகூடிப் பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையும் அதைப் பெற்றவளும் சேர்ந்து நிற்கும் படம் அந்த வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டுமா, இல்லையா? போய்ப் பாருங்கள். பிள்ளையின் படம் ஆயிரம் இருக்கும். எடுக்கும்போதெல்லாம் "நா எதுக்கு, நீங்க நில்லுங்க" என்று அம்மா ஒதுங்கிப் போயிருப்பார்.

இந்த ஒதுங்கல் நம் ஊரோடு நிற்கிற பழக்கமில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் கைக்குழந்தையைப் படம் எடுக்க வேண்டுமென்றால், அசையாமல் சில விநாடிகள் பிடித்துவைக்க வேண்டியிருந்தது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தலையோடு ஒரு துணியைப் போர்த்தி மறைத்துவிட்டு, அவள் மடியில் குழந்தையை வைத்து எடுத்திருக்கிறார்கள். படத்தில் குழந்தை இருக்கும். பின்னால் ஒரு துணி மூட்டை இருக்கும். அந்த மூட்டைதான் தாய். இன்று துணி இல்லை. ஆனால் நம் செல்போன்களில் அம்மாவைத் தேடிய இரவில் எங்களுக்கு அந்த மூட்டைதான் நினைவுக்கு வந்தது.

எப்படி எடுக்கப் போகிறோம் என்று விவரமாகச் சொல்கிறோம், ஏனென்றால் காசு அதில்தான் போகிறது.

நேரம், வரும் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மகன்கள் வீட்டில் இருப்பார்கள், மே மாதம் பள்ளியும் விடுமுறை. காலையில் எடுக்க முடியாது. அந்த நேரத்துக்கு நம் பெண்கள் ஏலத்துக்கும் சந்தைக்கும் போயிருப்பார்கள். அதனால் மாலை நாலரைக்கு மேல்தான். நமக்குக் கடல் கிழக்கே இருப்பதால் சாயங்கால வெயில் ஊர்ப் பக்கமிருந்து வரும். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகத்தில் அழகாக வெளிச்சம் விழும் என்று படம் எடுக்கும் தம்பி சொன்னார். சொன்ன மறுநிமிஷமே மகளிர் குழுவில் ஒரு அக்கா, "அதுக்கு முதுகு காட்டி என்னால நிக்க முடியாது தம்பி" என்றார். அதோடு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. எங்கே நிற்பது என்பதை அந்தந்தத் தாய்தான் சொல்ல வேண்டும். வீட்டு வாசற்படி, ஏலக்கூடம், வலை பின்னும் பந்தல், மாரியம்மன் கோயில் வேப்பமரம், சுனாமி குடியிருப்பின் திண்ணை என்று இதுவரை ஐம்பது பேர் இடம் சொல்லிவிட்டார்கள். கடற்கரை கேட்டவர்களும் உண்டு. மீன்கூடையோடுதான் நிற்பேன் என்று பதினொரு பேர். பட்டுப்புடவை கட்டச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டோம்.

பிள்ளையை இழந்த தாய்மாரைப் பற்றிக் குழுவில் இரண்டு நாள் பேசினோம். போனவர்களின் பழைய படம் கிடைத்தால் கணினியில் ஒட்டி, உயிரோடு நிற்பதுபோலச் செய்து தரலாம் என்று சிலர் சொன்னார்கள். கேட்ட தாய்மாரும் இருக்கிறார்கள். ஆனால் ஐந்து வயதில் போன பிள்ளையை, பின்னால் பிறந்து இருபது வயதாகிவிட்ட தம்பிக்குப் பக்கத்தில் ஒட்டினால் அது யாருக்கும் ஆறுதலாக இருக்காது என்று எங்களுக்குத் தோன்றியது. பள்ளிக்கூடக் குரூப் படத்திலோ உறவினர் கல்யாண ஆல்பத்திலோ அந்த முகம் கிடைத்தால் தனியாக அச்சிட்டு, தாய் கையில் பிடித்துக்கொள்ளக் கொடுப்போம். சிலரிடம் ஒரு கொலுசு இருக்கிறது, ஒருவரிடம் சிலேட்டு. எதுவும் இல்லாத ஒரு அம்மா சொன்னது இது: "எனக்கு எடது பக்கம் கொஞ்சம் எடம் விட்டு எடுங்க. போதும்."

படம் எடுப்பவர் நம் ஊர்ப் பிள்ளை, காரைக்காலில் கல்யாணப் படங்கள் எடுத்து முன்னுக்கு வந்தவர். சும்மாவே எடுத்துத் தருகிறேன் என்றார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தடைக்காலத்தில்தான் வைகாசி முகூர்த்தங்களும் வருகின்றன. இருபது மாலைகளை நமக்குக் கொடுத்தால் அவருக்கு அத்தனை வருமானம் போகும். ஆண்கள் முன் நிற்கக் கூச்சப்படும் தாய்மாருக்காக ஒரு பெண் புகைப்படக்காரரும் உடன் இருப்பார். ஒரு மாலைக்கு எட்டுத் தாய்மார், அதற்கு மேல் வேண்டாம். வரிசையில் நிறுத்தி ஆதார் அட்டைக்கு எடுப்பதுபோல எடுத்துவிட்டுப் போக நாங்கள் விரும்பவில்லை.

உப்புக்காற்றில் படம் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் யோசித்தோம். நம் வீடுகளில் கண்ணாடி போட்ட படம் மூன்று மழைக்காலத்தில் ஈரம் கோத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், மரச்சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும். அதனால் 12-க்கு 18 அங்குல அளவில் லேப் பிரிண்ட், மேட் லேமினேஷன், சன் போர்டு என்கிற லேசான அட்டைப் பலகையில் ஒட்டி ஃபைபர் சட்டம். வெளியூர் போகும் பிள்ளைகளுக்குச் சிறிய பிரதி இரண்டு.

கணக்கு: அச்சு, லேமினேஷன், சட்டம் ஒரு தாய்க்கு 850 ரூபாய் வீதம் 1,36,000. இரண்டு புகைப்படக்காரர்களுக்கும் ஒரு மாலைக்கு 4,000 வீதம் இருபது மாலைக்கு 80,000. படங்களைச் சேமிக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் 14,000. ஒன்று பள்ளியில், இன்னொன்று கடலைவிட்டுத் தள்ளி நகரத்தில் ஒரு வீட்டில் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பதை நாம் கற்றுக்கொண்ட விலை பெரிது. பழைய படங்களை ஸ்கேன் செய்து சீராக்க 10,000. ஊர் நூலகத்தில் வைக்கும் ஆல்பத்துக்கு 10,000. நடக்க முடியாத அம்மாக்களுக்கு ஆட்டோ, டீ, சில்லறைச் செலவு 10,000. ஆக மொத்தம் 2,60,000 ரூபாய்.

இதுவரை 71,500 சேர்ந்திருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்தார் 25,000 கொடுத்தார்கள். இளைஞர்கள் வீடு வீடாகத் திரட்டியது 30,500. மீதி 16,000 அந்தத் தாய்மாரே ஆளுக்கு நூறு ரூபாய் போட்டது. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. இன்னும் வேண்டியது 1,88,500.

செலவை எல்லாம் சேர்த்துப் பிரித்தால் ஒரு தாய்க்கு 1,625 ரூபாய் ஆகிறது. மீதமுள்ள தொகை 116 தாய்மாருக்கானது. ஒருவருக்கோ இருவருக்கோ உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். நூறு ரூபாயும் ரசீது போட்டு வாங்குவோம். "எங்கம்மா படத்துக்கு மட்டும்" என்று குறித்துக் கொடுக்காதீர்கள் என்பது எங்கள் தாழ்மையான வேண்டுகோள். கேட்டுக் கொடுக்கப் பிள்ளை இல்லாத அம்மாக்கள் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சட்டத்தின் மூலையில் நன்கொடையாளர் பெயரும் போடப்போவதில்லை. பெயர்கள் கணக்கில் இருக்கும், அந்தக் கணக்கை ஜூன் கடைசிக்குள் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

உள்ளூரில் இருப்பவர்கள் பொருளாளரிடம் ரொக்கமாகக் கொடுக்கலாம். வெளியூரில் இருப்பவர்கள் குழுவின் கூட்டுக் கணக்குக்கு அனுப்பலாம். வெளிநாட்டில் வேலை செய்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து தாராளமாகத் தரலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவுகள் மன்னிக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி உங்களிடம் பணம் வாங்க நமக்கு அனுமதியில்லை. மார்ச் 31-க்குள் தொகை வந்தால் முதல் மாலையிலேயே 160 பேருக்கும் தேதி கொடுத்துவிட முடியும்.

எடுத்த படங்கள் தாயின் சம்மதம் இல்லாமல் முகநூலிலோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலோ போகாது. நூலக ஆல்பத்துக்கும் அப்படியே. நான்கு அம்மாக்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் படம் அவர்கள் வீட்டோடு இருக்கும்.

பணம் தர முடியாதவர்களிடமும், சட்டம் இடம் கொடுக்காதவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். கடலூரிலோ காரைக்காலிலோ கொழும்பிலோ உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களைப் பிரித்துப் பாருங்கள். 2004-க்கு முன் நடந்த கல்யாணம், வளைகாப்பு, வேளாங்கண்ணிப் பயணம் எதிலாவது நம் ஊர்ப் பெண்ணோ பிள்ளையோ ஓரமாக நின்றிருக்கலாம். படத்தைக் கொடுத்துவிட வேண்டாம், ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படமாக இருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள், நனைக்காதீர்கள். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு அப்படியே துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். கண்ணாடி வழியாகவே எடுத்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
குழுவினர்