வழி சொன்னவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போன மாசியில் ஆரம்பித்தது, இந்த மாசியோடு ஒரு வருஷம். காரைக்குடியைச் சுற்றிக் காலையில் ஓடுவதற்கு இப்போது எங்களுக்கு மூன்று பாதைகள் இருக்கின்றன. 'கண்டுபிடித்தோம்' என்று எழுதக் கை வரவில்லை. கைபேசி வரைபடத்தை நம்பிக் கிளம்பி, முதல் மூன்று ஞாயிறும் தைல மரக் காட்டுக்குள் போய் முள்கம்பி வேலியில் முட்டிக்கொண்டு திரும்பியவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு கிடைத்த ஒவ்வொரு திருப்பமும் யாரோ கை நீட்டிக் காட்டியதுதான். அவர்களில் பாதிப் பேரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், "எம் பேரையெல்லாம் போட்றாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இந்த மடலில் யார் பெயரும் இல்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு முதல் நன்றி. நான்கு வாரம் எங்களைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது வாரம் கூப்பிட்டார். "சும்மா சுவத்தைச் சுத்திச் சுத்தி ஓடுறீகளே, உள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கீகளா?" ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தோம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. கடைசியில் அவர் ஒரு கதவைத் திறந்தால் அடுத்த தெரு வந்து நிற்கிறது. எண்ணிக்கொண்டே வந்தேன், 87 தப்படி. ஒரே வீடு. பங்காளிகள் வெளியூரில், வெளிநாட்டில். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும்தான் எல்லாக் கதவும் திறக்குமாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய கதையை நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அண்ணன் கூரையை அண்ணாந்து பார்த்தார். "பட்டியல்ல போட்டா ஓடு மாத்திக் குடுப்பாகளா?"

எங்களுடைய முதல் பாதையை அவர்தான் ஒரே வரியில் சொன்னார். "தெருவுல மழைத்தண்ணி எப்படிப் போகுதோ அப்படியே ஓடுங்க. ஊருணியில கொண்டுபோய் விட்டுரும்." அதேதான். அளவெடுத்துப் போட்டது போன்ற நேர்த்தெருக்கள் பார்வைக்குத் தட்டையாக இருக்கும், சரிவு காலுக்குத்தான் தெரியும். சரிவு போகிற பக்கமே போனோம். செம்புறாங்கல் படிக்கட்டு வைத்த ஊருணியில் போய் முடிந்தது. அந்தப் படிக்கட்டில் பீர் பாட்டில் உடைத்துப் போடுகிறவர்களுக்கு மட்டும் இந்த மடலில் நன்றி கிடையாது.

குன்றக்குடி அடிவாரத்தில் தேங்காய், பூ விற்கும் ஐயாவுக்கு அடுத்தது. தைப்பூசத்துக்கு நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், காவடி கிளம்புகிற ஊர் அது. நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடை. ஐயா 31 தடவை நடந்தவர். நாங்கள் ஓடி வந்து அவர் கடை முன்னால் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்து, எங்கள் காலைத்தான் முதலில் கவனித்தார். "தாரை விட்டு இறங்குப்பா. ஓரத்து மண்ணுல போ. முட்டி கேக்காது." விரல் இடுக்கில் விளக்கெண்ணெய் தடவச் சொன்னதும் அவர்தான். இணையத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து நான் வாங்கிய களிம்பு இப்போது அலமாரியில் இருக்கிறது.

குன்றக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர், அப்படியே வைரவன்பட்டி. பின்னது இரண்டும் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் சேர்ந்தவை. ரோட்டோடு போனால் வேன்களும் பஸ்களும் விடாது. கண்மாய்க் கரையோடு போகிற ஒற்றையடித் தடத்தை ஐயா தேங்காய் நாரால் தரையில் வரைந்து காட்டினார். கரை ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு தாளம் வரும். ஆள் அரவம் கேட்டு மயில் ஒன்று புதரைவிட்டு நடந்தே போகும், பறக்கக்கூடச் செய்யாது. நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்த எங்கள் ஆள் ஒருவனை ஐயா ஒரு கேள்வி கேட்டார். "முருகனே மலை மேல உக்காந்துதான் இருக்காரு. நீ எங்க போறே?" அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது பாதை ஆத்தங்குடி. முந்திரித் தோப்பும் செம்மண் மேடும் மாறி மாறி வரும் தடம். மழை பெய்த மறுநாள் தைல மர வாசனை மூக்கைத் துளைக்கும். சரளையில் இறங்கும்போது அடியைக் குறுக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். இந்தத் தடத்தைக் காட்டியவர் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒரு தரைக்கல் பட்டறைத் தொழிலாளி. பட்டறையில் தண்ணீர் கொடுத்து உட்காரவும் சொன்னார்.

தரையில் போடுகிற கல் என்றுதான் ஆத்தங்குடிக் கல்லை இத்தனை நாள் மிதித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது கண்ணாடியின் மேல் பிறப்பதைப் பார்த்தேன். ஒரு கண்ணாடிச் சில்லைத் துடைத்து வைத்து, சட்டத்தைப் பொருத்தி, அச்சை இறக்குகிறார். அச்சின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கரண்டி வண்ணச் சிமெண்டுக் குழம்பு: மஞ்சள், பச்சை, கடைசியில் சிவப்பு. அச்சைத் தூக்கும்போது கை நடுங்கவே கூடாது. பூ அப்படியே நிற்கிறது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை வைத்து மட்டம் தட்டுகிறார். அப்புறம் காயவைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால் கண்ணாடி பிரிந்துவிடும், பளபளப்பு கல்லோடு தங்கிவிடும். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு நுனியிலிருந்து ஒரு வேர்வைச் சொட்டு விழுந்தது, சரியாகப் பூவின் நடுவில். "போச்சு!" என்றார். அந்தக் கல்லை அவர் ஓரமாக எடுத்து வைத்ததையும், திட்டாததையும் மறக்க மாட்டேன். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

அதே தடத்தில் ஒரு அய்யனார் கோயில் காடு உண்டு. விடியாத நேரத்தில் முதல் தடவை போனபோது, வரிசையாக நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்து நான் போட்ட சத்தத்தை எங்கள் ஆட்கள் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். அங்கே பூசை செய்யும் வேளார் எங்களைத் தடுக்கவில்லை. "செருப்புக் காலோட மட்டும் போகாதீக" என்றார். இப்போது காட்டு எல்லையில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறோம். ஏறக்குறைய 300 தப்படி வெறுங்கால், சருகு, பனி ஈரம். உண்மையைச் சொன்னால் மூன்று பாதைகளிலும் எனக்குப் பிடித்த துண்டு ஓடாமல் நடக்கிற அந்த இடம்தான்.

கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் வழிந்த வாரம், பாசியில் கால் வைத்துவிட்டேன். கணுக்கால் புரண்டது. கிடை போட்டிருந்த ஆட்டுக்காரத் தம்பி தன் துண்டைக் கிழித்துக் கட்டி, யாருக்கோ போன் போட்டார். பத்து நிமிஷத்தில் டிவிஎஸ் ஐம்பது வந்தது. இரண்டு பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். அன்றைக்குப் பால் தாமதமாகப் போன வீடுகளுக்கு என் மன்னிப்பு. வைத்தியத்துக்குக் காலைக் காட்டப் போன இடத்தில், "இந்த வயசுல ஓட்டம் எதுக்கு சார்?" என்று கேட்டுப் படம்கூடச் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள். அது எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. ஆறு வாரம் ஓடவில்லை. அந்த ஆறு வாரமும் தம்பி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்களை நிறுத்தி, "அந்தச் சார் கால் எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரு துண்டு பாக்கி.

காலை ஆறரைக்கு எங்களை நடுவழியில் ஏற்றி இறக்கும் டவுன் பஸ் நடத்துநருக்கும், நாய்களைப் பெயர் சொல்லி அதட்டும் பள்ளத்தூர்ப் பையன்களுக்கும், சர்க்கரை அளவைப் பார்த்து 'ஓடு' என்று முதலில் துரத்திய என் மனைவிக்கும் நன்றி.

கடைசியாக, ஊருணிக் கரை வீட்டு ஆச்சிக்கு. முதல் வாரம், "யாரு துரத்துறா, இப்படி ஓடுறீக?" என்று கேட்டவர், இரண்டாம் வாரம் மோர் கொடுத்தார். மூன்றாம் வாரத்திலிருந்து வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும். ஒரு வருஷம் ஓடியும் என் எடை இரண்டு கிலோவுக்கு மேல் குறையாததற்கு அவரே காரணம். போன மாதம் மோர்ச் செம்பைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டே பேசியதில், பஸ் வந்துவிட, செம்போடு ஏறிவிட்டேன். அடியில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டிய பழைய செம்பு, சீராக வந்ததாக இருக்கும். ஆச்சி, அது பத்திரமாக இருக்கிறது. இந்த ஞாயிறு கொண்டு வருகிறேன். வெறும் செம்பாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று வீட்டில் கவுனி அரிசி போட்டு வைத்திருக்கிறார்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓட முடியாது, அன்றைக்கு நடந்துதான் வருவேன்.

நன்றியுடன்,
ஞாயிறு காலை உங்கள் தெருவில் ஓடுகிறவர்களில் ஒருவன்,
காரைக்குடி